விழுந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படுகிற செய்தி ஒன்று உண்டு. 'குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டி சிகிச்சை பலனின்றி உயிரிழப்பு.' நாலே வரி. ஊர், வயது, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் காவல் நிலையத்தில் வழக்குப்பதிவு என்பதோடு முடிந்துவிடும். படிக்கிற நாமும் 'பாவம், வயசான கட்டை' என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த மூதாட்டி அதற்கு முன்னால் எத்தனை முறை விழுந்தார், ஏன் விழுந்தார், யாரிடமாவது சொன்னாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்டிருந்தால் அந்தச் செய்தியே வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துத் தெருக்களில் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள். கர்ப்பிணிகளையும் கைப்பிள்ளைகளையும் பார்ப்பதற்கே அப்போது பொழுது சரியாக இருக்கும். அன்றைக்கு நான் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த தாய்மார்கள் பலர் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். சிலரைக் கட்டிலில்தான் போய்ப் பார்க்க முடிகிறது. எப்படிப் படுத்தீர்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான். ஒரு நாள் விழுந்தேன், அதோடு சரி.

விழுவதை நாம் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அது தப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். 65 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே நூற்றுக்குப் பத்துப் பேர் 60 தாண்டியவர்கள். இப்போது அதைவிட அதிகம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்க, பெற்றவர்கள் மட்டும் ஊரில் இருக்கிற நம் ஆற்றங்கரைத் தெருக்களில் கதவைத் தட்டினால் திறப்பவர் முக்கால்வாசி முதியவர்தான்.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி. எண்பதை நெருங்குகிறார். தனியாகத்தான் இருக்கிறார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் முழங்கைக்குக் கீழே கன்றிப்போய் நீலமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, விழுந்திட்டேளா?" என்று கேட்டேன். "விழலம்மா. சறுக்கிச்சு, கீழ உக்காந்துட்டேன். அவ்வளவுதான்" என்றார். விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் வந்தது. அதற்கு முன்னாலும் இப்படி உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை புறவாசலில், இன்னொரு தடவை அடுக்களையில். "எவன்கிட்டயும் சொல்லிராத. மவன் காதுக்குப் போச்சுன்னா மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயி மாடி வீட்டுல அடைச்சுப் போட்டுருவான். இந்த வீட்டுலயே கண்ண மூடணும்னு இருக்கேன்." கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

முதியவர்கள் மறைப்பதற்கு இதுதான் காரணம். சொன்னால் வீட்டை இழப்போம், கோயிலுக்குப் போவதை நிறுத்துவார்கள், பேரப்பிள்ளையைத் தூக்க விடமாட்டார்கள் என்று பயம். ஆனால் ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. எலும்பு முறியாமல் தப்பித்த அந்த முதல் விழுகைதான் நமக்குக் கிடைக்கிற ஒரே எச்சரிக்கை. அதையும் நாம் கேட்காமல் விட்டால் அடுத்தது இடுப்பெலும்பில்தான் தெரியவரும். ஆகவே பெற்றோரிடம் போனில் பேசுகிற பிள்ளைகள் 'சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சா' என்பதோடு நிறுத்த வேண்டாம். 'எங்கேயாவது தடுமாறிச்சா, சுவத்தப் பிடிச்சியா, கீழ உக்காந்தியா' என்றும் கேளுங்கள். விழுந்ததாகச் சொன்னால் திட்டாதீர்கள். 'யாரு உன்ன அங்க போகச் சொன்னா' என்று ஒரு தடவை அதட்டினால், அடுத்த தடவை உங்களுக்குச் செய்தி வராது.

ஆச்சி ஏன் விழுந்தார் என்று தேடினோம். பொழுது விடிவதற்கு முன் சிறுநீர் கழிக்க எழும்போதுதான் மூன்று முறையும் நடந்திருக்கிறது. படுக்க வைத்துப் பிபி பார்த்தேன். மேல் அளவு 148 இருந்தது. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் பார்த்தேன். 118. அந்த நேரம் ஆச்சியே, "கண்ண இருட்டிட்டு வருதே, இதுதாம்மா வரும்" என்றார். விஷயம் அவ்வளவுதான். நாம் எழுந்து நிற்கும்போது உடம்பின் ரத்தத்தில் அரை லிட்டருக்கு மேல் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கி அதை மேலே ஏற்ற வேண்டும். வயதான உடம்பில் அது மெதுவாக நடக்கும். பிபி மாத்திரையும் நீர் பிரிய வைக்கிற மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மெதுவாகும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதைக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ அளவுகோல். ஆச்சிக்கு 30 இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்து, இன்னொன்றின் நேரத்தை மாற்றினார்.

இதில் எனக்குள்ள ஆதங்கம் என்னவென்றால், எங்கே போனாலும் உட்கார வைத்துத்தான் பிபி பார்க்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது விழுபவர் யார்? நிற்க வைத்து ஒரு முறை பார்க்க மூன்றே நிமிடம் கூடுதலாக ஆகும்.

அப்படிப் பார்க்கும் வரை வீட்டில் செய்ய வேண்டியது: படுக்கையை விட்டு எடுத்த எடுப்பில் நடக்கக் கூடாது. முதலில் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, பாதத்தை மேலும் கீழுமாக ஒரு இருபது தடவை ஆட்ட வேண்டும். கண் தெளிந்த பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நின்ற இடத்திலேயே கொஞ்சம் நின்று, பிறகு பைய நடக்க வேண்டும். பாயில் படுப்பவர்கள் முட்டி போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் பிடித்து எழலாம். தண்ணீரும் போதுமான அளவு குடிக்க வேண்டும். கல்யாண வீட்டுக்கோ பஸ் பயணமோ போகிற நாளில் நம் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், கழிப்பறைக்கு எங்கே போவது என்று. நெல்லை வெயிலில், சித்திரை மாதத்தில், பிபி மாத்திரையும் போட்டுக்கொண்டு இப்படி இருந்தால் மண்டபத்து வாசலிலேயே தலைசுற்றும். விரதமும் அப்படித்தான். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள், விரதம் தொடங்குமுன் டாக்டரிடம் மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை தாழ்ந்து விழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாத்திரை விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் மூன்று டாக்டர் எழுதிய சீட்டு இருக்கும். ஒருவர் பிபிக்கு, ஒருவர் மூட்டுக்கு, ஒருவர் தூக்கத்துக்கு. கல்லிடைக்குறிச்சியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் அந்தப் பையைத் திண்ணையில் கொட்டிப் பார்த்தோம். புராஸ்டேட் வீக்கத்துக்கு என்று புதிதாக ஒரு மாத்திரை, ஏற்கனவே இரண்டு பிபி மாத்திரை, தூக்கத்துக்கு அல்பிரசோலம். அந்த வீக்க மாத்திரையும் பிபியை இறக்கக் கூடியது. தூக்க மாத்திரை போட்டவர் ராத்திரி எழுந்தால் கால் எங்கே வைக்கிறோம் என்ற நிதானம் இருக்காது. மொத்தத்தையும் ஒரே டாக்டர் முன்னால் வைத்துக் காட்டினால்தான் எது எதோடு மோதுகிறது என்று அவருக்குத் தெரியும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாகத் தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. பையோடு போய்க் காட்டுங்கள், அதுதான் வேண்டியது.

தலைசுற்று என்று வந்தால் நம் ஊரில் பித்தம் என்பார்கள், இல்லையென்றால் பிரஷர் என்பார்கள். படுக்கையில் ஒரு பக்கம் திரும்பினால் மட்டும், அண்ணாந்து பரணைப் பார்த்தால் மட்டும், வீடே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் காதுக்குள் இருக்கிற கோளாறு. உட்காதில் நம் சமநிலையைச் சொல்கிற இடத்தில் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. அவை இடம் மாறிக் குழாய்க்குள் உருண்டால் இப்படிச் சுழற்றும். தலையை ஒரு முறைப்படி திருப்பித் திருப்பிப் படுக்க வைத்து அந்தத் துகளைப் பழைய இடத்துக்கே அனுப்பலாம். அமெரிக்கக் காது மருத்துவர் எப்லி வகுத்த முறை அது. காது மூக்கு தொண்டை டாக்டரோ பழகிய பிசியோதெரபிஸ்டோ சில நிமிடங்களில் செய்துவிடுவார். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகும். இதைத் தெரியாமல் மருந்துக்கடையில் தலைசுற்றுக்கு வாங்கிய புரோகுளோர்பெரசினையும் சின்னரிசினையும் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த மருந்துகளை நாள்பட எடுத்தால் கை நடுங்கி, நடை குறுகி, அதனாலேயே விழ நேரும்.

பாதத்து உணர்ச்சியையும் பார்க்க வேண்டும். முகம் கழுவக் கண்ணை மூடியதும் உடம்பு ஆடுகிறது, குழாயையோ சுவரையோ பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால் பாதம் தரையைச் சரியாகச் சொல்லவில்லை என்று பொருள். கண்ணை வைத்துத்தான் சமாளித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சர்க்கரை நோயால் இப்படி ஆகும். பி12 சத்துக் குறைந்தாலும் ஆகும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், மெட்பார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் மலிவு. கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியும், 1988 முதல் நெல்லையில் இருக்கிற அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிற ஊரில் புரையோடு தட்டித் தடவி நடக்க வேண்டிய அவசியம் இல்லை. வெள்ளெழுத்துக்கும் சேர்த்துப் போட்ட இரட்டைக் கண்ணாடிக்காரர்கள் படியிறங்கும்போது தலையை நன்றாகக் குனிந்து மேல் பாதி வழியாகப் பார்க்க வேண்டும். கீழ்ப் பாதி வழியாகப் பார்த்தால் படி மங்கலாகத்தான் தெரியும்.

இனி வீடு. நம் பக்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை. திண்ணை, நடை, தார்சா, பட்டாசல், அடுக்களை, முற்றம், கடைசியில் புறவாசல், அதற்கும் கடைசியில் கழிப்பறை. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. எங்கள் ஆச்சி ராத்திரி படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போக நாலு நிலைப்படி தாண்ட வேண்டும். விளக்கு சுவிட்ச் முற்றத்தின் அந்தப் பக்கம். இருட்டில் நடந்து போய்த்தான் வெளிச்சம் போடவே முடியும். கையில் செம்பு வேறு. இதில் எண்பது வயதுக்காரர் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மகன் பணம் அனுப்பி வீட்டைப் புதுப்பித்தால் முதலில் பளபளவென்று வெள்ளை டைல்ஸ் போட்டுவிடுகிறார்கள். பழைய சிமெண்ட் தரையில் கால் பிடிக்கும். இந்த டைல்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தால் கண்ணுக்கும் தெரியாது, காலும் நிற்காது. அதன்மேல் பாத்ரூம் வாசலில் கிழிந்த பழைய சேலையை மடித்துக் கால்மிதியாகப் போடுவார்கள். நான் பார்த்தவரையில் அதைப் போல ஆளைத் தள்ளிவிடுகிற பொருள் வீட்டில் வேறில்லை. தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடி கடையில் கிடைக்கிறது. விளிம்பு சுருண்ட பாயும் அப்படித்தான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற கிழமையில் தரையில் சீயக்காயோ சோப்புத் தூளோ போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்ட பிறகே அடுத்தவர் உள்ளே போக வேண்டும். வயதானவர் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், ஈரத்தில் அதன் கால் நழுவும்.

வீரவநல்லூரில் தறி ஓடிய வீடுகளில் இன்னொன்று உண்டு. தறியை எடுத்த பிறகும் தறிக்குழியை மூடாமல், மேலே ஒரு பலகையைப் போட்டு வைத்திருப்பார்கள். காலப்போக்கில் பலகை உளுத்துப்போகும். நெசவு நிறுத்தியாயிற்று என்றால் மண் கொட்டி மூடித் தளம் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி பிடிக்கும். வாரம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர் போட்டு உரசினால் போகும். மார்கழியில் இருட்டோடு வாசல் தெளித்து, அந்த ஈரத்திலேயே குனிந்து கோலம் போட்டு, சட்டென்று நிமிர்கிற பாட்டிமார் கொஞ்சம் வெளுத்த பிறகு செய்தால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ஆச்சி வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் கையெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்து, போகிற வழி முழுக்கச் சின்ன எல்இடி பல்பு எரியும்படி செய்தோம். நாலு நிலைப்படியின் விளிம்பிலும் மஞ்சள் பெயிண்ட் கோடு அடித்தோம். கழிப்பறையிலும் குளிக்கிற இடத்திலும் கொத்தனாரை வைத்துச் சுவரில் துளை போட்டு இரும்புக் கைப்பிடி பதித்தோம். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து எழலாம் என்று நினைக்காதீர்கள். அது ஆளின் கனத்தைத் தாங்காது, கையோடு வந்துவிடும். ராத்திரி நேரத்துக்கு ஒரு மூடி போட்ட பேசினைக் கட்டிலடியில் வைக்கச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே, "இத முன்னாலயே வச்சிருக்கலாம்" என்கிறார். குதி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுத்தோம். கம்பு மட்டும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். கம்பு ஊன்றினால் கிழவி ஆகிவிட்டேன் என்று தெரு பேசுமாம். ஒரு வாரம் கோயிலுக்கு நானும் கூடவே நடந்தேன். பிறகு பழகிவிட்டது. கம்பின் உயரம் முக்கியம். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரத்துக்குப் பிடி இருக்க வேண்டும். எந்தக் கால் வலிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

வீட்டைச் சரிசெய்வது பாதி. மீதி, காலில் பலத்தைத் திரும்பக் கொண்டுவருவது. விழுந்தவர் பயந்துபோய் உட்கார்ந்தே இருப்பார். உட்கார உட்காரத் தொடைச் சதை கரையும். கரையக் கரைய எழும்போது தடுமாறும். வீட்டில் உள்ளவர்களும் பாசத்தினால் 'நீ உக்காரு, நான் எடுத்துத் தாரேன்' என்றே சொல்லிப் பழக்கிவிடுகிறார்கள். உடற்பயிற்சியால் விழுவது குறையுமா என்பதை நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2019-ல் காக்ரேன் அமைப்பு பார்த்தது. சுமார் 23 ஆயிரம் பேர் பங்கெடுத்த ஆய்வுகள் அவை. விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்தது. இதில் சமநிலைப் பயிற்சியும் காலுக்குப் பலம் தரும் பயிற்சியும் சேர்ந்திருந்தால் பலன் கூடும். வெறுமனே தெருவில் நடந்துவிட்டு வருவது போதாது.

எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பெண்கள் காலையிலிருந்து மடியில் சுளவை (முறத்தை) வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மதியம்தான் எழுவார்கள். எழும்போது கால் மரத்துப்போய் ஒரு கணம் தரையே தெரியாது. அவர்களையும் ஆச்சியையும் சேர்த்து சாயங்காலம் திண்ணையோரம் கூடச் செய்தேன். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சுவரைத் தொட்டபடி பக்கவாட்டில் நடப்பது. ஒரு பாதத்தின் பெருவிரலுக்கு முன்னால் இன்னொரு பாதத்தின் குதியை ஒட்டி வைத்து நிற்பது. பத்து வினாடி அப்படி நிற்க முடியாதவருக்கு விழும் ஆபத்து அதிகம். இன்னொரு சோதனையும் உண்டு. நாற்காலியில் கையூன்றாமல் 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். எழுபதுகளில் இருக்கிற பெண்ணுக்குப் பத்துக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்காமல் இதைச் செய்ய வேண்டாம். பீடிக்காரப் பெண்கள் இப்போது மணிக்கு ஒரு தடவை சுளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார்கள். சுற்றும் கட்டுக் குறையவில்லை என்றும் சொல்கிறார்கள்.

எலும்புக்குக் கேழ்வரகும் எள்ளும் நல்லதுதான், வெயிலும் படட்டும். ஆனால் வைட்டமின் டி ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை பெரிய அளவில் கொடுத்த ஒரு ஆய்வில், வாங்கியவர்கள் அதிகமாக விழுந்ததாகத்தான் தெரியவந்தது. குறைவு இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன அளவில்.

எல்லாம் செய்தும் ஒருவர் விழுந்துவிட்டால் அவசரப்பட்டுக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். வலி எங்கே, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் சரிந்து கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. எண்ணெய் போட்டு நீவக் கூடாது, கட்டுக்கட்ட அழைத்துக்கொண்டு போகக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். 'இந்த வயசுல ஆப்பரேஷன் தாங்காது' என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவதுதான் நான் கண்ட பெரிய கொடுமை. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் முதுகில் புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். பெரும்பாலோரைக் கொண்டுபோவது அந்தப் படுக்கைதான். உடம்பு தாங்கும் என்று டாக்டர் சொன்னால் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பதே நல்லது. அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் செய்கிறார்கள். தலையில் அடி என்றால், வெளியே ரத்தம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே மெல்லக் கசியலாம். வாரங்கள் கழித்துக்கூடத் தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், ஒரு பக்கம் பலவீனம் என்று காட்டும். அப்போது பழைய விழுகையை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். தனியாக இருப்பவர்கள் செல்போனை இடுப்பிலோ கழுத்திலோ கோத்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி மேல் இருக்கிற போன் கீழே கிடக்கிறவருக்கு உதவாது.

வீட்டுக்கு வெளியே ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தாமிரபரணிப் படித்துறைகளில் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பாசி படிந்த கல்படியில் பிடித்து இறங்க ஒரு குழாய்க் கம்பியோ சங்கிலியோ பல துறைகளில் இல்லை. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு ஆச்சிமார் தைரியமாக டவுன் பஸ் ஏறுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்கள் கம்பியைப் பிடித்து உட்கார்ந்த பிறகு விசில் கொடுத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது.

என் முக்கியமான வேண்டுகோள் சுகாதாரத் துறைக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் நம் தெருவுக்கே வருகிறது. எங்கள் பகுதிக்கு வருகிற பெண் பிள்ளை வெயில் மழை பாராமல் வந்து பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளைப் பார்த்தால் என் பழைய நாட்கள் நினைவுக்கு வரும், அவ்வளவு பொறுப்பு. அந்தப் பிள்ளைகள் கொண்டுவருகிற பதிவேட்டில் 60 தாண்டிய ஒவ்வொருவருக்கும் இரண்டு கட்டம் சேர்க்க வேண்டும். ஒன்று, 'கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா, தடுமாறி உட்கார்ந்தீர்களா.' இன்னொன்று, நின்ற பிறகு எடுத்த பிபி. இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் அந்த வீட்டுக்கு இத்திட்டத்தின் இயன்முறை மருத்துவர் போக வேண்டும். இப்போது அவர் பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார். நடமாடிக்கொண்டிருக்கும்போதே வந்தால் படுக்கையில் கிடப்பவர் எண்ணிக்கையே குறையும். புதிய கருவி வேண்டாம், புதிய ஆள் வேண்டாம். பிபி கருவி அவர்கள் கையிலேயே இருக்கிறது.

இந்த இரண்டு கட்டத்தையும், எங்கள் ஊர்ப் படித்துறைக்குக் கைப்பிடிக் கம்பியையும் கேட்டு எங்கள் தெருப் பெண்கள் கையெழுத்திட்ட மனு தயாராக இருக்கிறது. ஆச்சியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறோம். அதற்கு முன்பு இந்தக் கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டால், மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் ஊருக்காக ஒரு மனு எழுதிக்கொண்டு எங்களோடு வந்து சேர்ந்துகொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.